முப்பத்திரண்டு கிராம்

நானும் வாத்தியாரும் நேருக்கு நேர் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. வாத்தியார் என்றால் என் வீட்டுக்காரர். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பேச்சு இல்லை என்றால் வீடு அமைதியாக இருந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் எழுந்ததிலிருந்து பேச்சுதான். எல்லாம் பூனை வழியாக.

"மேனேஜர், டீயில சர்க்கரை ஜாஸ்தின்னு சொல்லு."

"மேனேஜர், வேணும்னா அவரையே போட்டுக்கச் சொல்லு. கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

மேனேஜர் சாம்பல் நிறத்தில் கனமான ஆண் பூனை. பதினான்கு வயது. தினமும் காலையில் எல்லா அறைக்குள்ளும் நுழைந்து, எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்து, எதிலும் திருப்தி இல்லாமல் வெளியே வருவான். அதனால் அந்தப் பெயர். மகள் கல்லூரியில் படிக்கும்போது தூக்கிக்கொண்டு வந்தாள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது எங்களிடம் விட்டுப் போனாள். எங்கள் லட்சணம் அவளுக்குத் தெரியும். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "மேனேஜர் இருக்கற வரைக்கும்தான் இது ஒரு வீடு. அவனை ஒழுங்கா பார்த்துக்கங்க. அவனுக்கு ஏதாவது ஆச்சு, நான் யாரைப் பார்க்க இங்க வரணும்னு எனக்கே தெரியலை."

பெற்ற அப்பா அம்மாவைப் பார்த்து ஒரு பெண் சொல்கிற பேச்சா இது? ஆனால் அவள் சொன்னது உண்மை.

பேச்சு நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வாத்தியாருக்குப் பள்ளியில் பிரிவு உபசார விழா வைத்தார்கள். மைக்கைக் கொடுத்து, மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். "இவங்க வார்டுல நோயாளிங்க சீக்கிரம் குணமாயிடுவாங்க. இவங்ககிட்டேருந்து தப்பிச்சா போதும்னு" என்றார். மண்டபமே சிரித்தது. நான் எழுந்து, "இவர்கிட்ட படிச்ச பசங்களும் அப்படித்தான், தப்பிச்சா போதும்னு டியூஷனுக்கு வேற இடத்துக்கு ஓடிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தனியாக வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். நான் கேட்பேன் என்று அவர் காத்திருந்தார். முதல் வாரம் அது கோபம். முதல் மாதம் வீம்பு. அதற்குப் பிறகு பழக்கமாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் மேனேஜர் நாற்காலியில் ஏறுவதை நிறுத்தினான். பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தான். தூக்கினால் கத்தினான். பூனை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். மகள் வயதுதான் அந்தப் பெண்ணுக்கும். புதிதாக கிளினிக் திறந்திருந்தாள். சுவரில் பெயின்ட் வாசனை கூடப் போகவில்லை. மேஜை, தராசு, ஓரத்தில் நாலு கூண்டு, அவ்வளவுதான். உதவிக்குக் கூட ஆள் இல்லாமல் அவளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

படம் எடுத்தாள். இடுப்பு எலும்பு தேய்ந்திருக்கிறது என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்து, கிட்னி வயதுக்குப் பரவாயில்லை என்று சொன்ன பிறகுதான் மருந்தைக் கையில் எடுத்தாள். தேன் மாதிரி இனிப்பாக ஒரு திரவம். கூடவே ஊசி இல்லாத சின்ன சிரிஞ்ச். எடைக்கு ஏற்றபடி அதில் கோடுகள். மேனேஜருக்கு நாலாவது கோடு.

"வலி நல்லா குறையும்மா. ஆனா இந்த மருந்து வயித்தையும் கிட்னியையும் பதம் பார்க்கும். அதனால சாப்பிட்ட பிறகுதான் கொடுக்கணும். சாப்பிடலைன்னா அன்னிக்கு மருந்து கிடையாது. வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பா தார் மாதிரி போனாலோ உடனே நிறுத்திட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் பரவாயில்லை. இது என் சொந்த நம்பர்."

"நான் முப்பது வருஷம் வார்டு நடத்தினவ" என்றேன்.

"அப்ப எனக்குக் கவலையே இல்லை" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு சார்ட் போட்டேன். தேதி, சாப்பாடு, மருந்து, வாந்தி, மலம் என்று ஐந்து கட்டம். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். என் வார்டில் ஒரு சட்டம் இருந்தது: செய்தவர்தான் எழுத வேண்டும், எழுதாதது செய்யாதது. ஒரு தடவை ஒரு சின்ன நர்ஸ் காய்ச்சல் பார்க்காமலே பார்த்ததாக எழுதிவிட்டாள். "பார்க்காம எழுதறதும் கொலை பண்றதும் ஒண்ணுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அவள் வேலையை விட்டுப் போகும் வரை நான் ஓயவில்லை. அவள் அழுதுகொண்டே தொப்பியைக் கழற்றி என் மேஜையில் வைத்தது இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது. அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலைப் பிரிவினையும் மேனேஜர் வழியாகவே நடந்தது. சாப்பாடு வாத்தியாருக்கு. காலை ஏழு மணிக்குப் பின்பக்க பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு வைப்பார். நான் அந்தப் பக்கம் போனால் பூனைக்குக் கவனம் சிதறுமாம். மருந்தும் மலத்தட்டும் எனக்கு. ஏழரைக்கு நான் சார்ட்டைப் பார்த்து, சாப்பிட்டிருந்தால் மருந்து கொடுப்பேன். எடையை யார் பார்ப்பது என்று சார்ட்டில் கட்டம் போடவில்லை. கட்டம் இல்லாத வேலையை எங்கள் வீட்டில் யாரும் செய்வதில்லை.

வாத்தியார் சமையலறைத் தராசைப் பால்கனிக்குக் கொண்டுபோனார். வைத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று நிறுத்துக் கழித்து, 'முப்பத்திரண்டு கிராம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். நான் என் கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவருக்குக் கீழே நான், எனக்குக் கீழே அவர். கல்யாணப் பதிவுப் புத்தகத்துக்குப் பிறகு ஒரே தாளில் எங்கள் கையெழுத்து விழுந்தது அப்போதுதான்.

முதல் ஐந்து நாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தோம். நான்காம் நாளே மேனேஜர் நாற்காலியில் ஏறிவிட்டான். மருந்து கொடுத்தது நான். அந்த சந்தோஷத்தில் அன்று டீயில் சர்க்கரையைக் கூடக் குறைத்துப் போட்டேன்.

ஆறாம் நாள் நான் மருந்து கொடுத்த அரை மணியில் கூடத்தின் நடுவே, வாத்தியார் காலடியில், மேனேஜர் வாந்தி எடுத்தான். வாத்தியார் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

"பாவம்டா மேனேஜர். கொடுக்கற கை சரியில்லைன்னா அப்படித்தான். முப்பது வருஷம் வார்டு நடத்தினாங்களாம், பேச மாட்டாத பூனைக்கு ஒரு சொட்டு மருந்து கொடுக்கத் தெரியலை."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அன்றைக்கு மட்டும் 'வாந்தி: ஒரு முறை' என்று எழுதினேன். டாக்டரம்மாவுக்கு ஃபோன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணினால் அவரும் கேட்பார். கேட்டுவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார். பண்ணவில்லை.

எட்டாம் நாள் என் முறை வந்தது. சாப்பாட்டுக் கட்டத்தில் 'ஒன்பது கிராம்' என்று இருந்தது. நான் மேனேஜரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அவர் காதில் விழும்படி சொன்னேன்.

"உன் மேல தப்பே இல்லைடா கண்ணு. அந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எவனுக்கு சோறு இறங்கும்? கிளாஸ்ல நாப்பது பசங்க தூங்கினாங்க, நீ ஒருத்தன் சாப்பிடலைன்னா என்ன?"

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு குளிர்ச்சி. அன்று மருந்து கொடுக்கவில்லை. சட்டப்படி நடந்துகொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டுக் கட்டத்தில் மறுபடியும் 'முப்பத்திரண்டு கிராம்'. அதற்கடுத்த நாள் முப்பத்தைந்து. அப்புறம் முப்பத்தொன்று. சொல்லிக் காட்டியதில் மனுஷனுக்கு ரோஷம் வந்து ஒழுங்காகக் கவனிக்கிறார் என்று நினைத்தேன். புதிதாகக் காலை நடையும் ஆரம்பித்திருந்தார். எட்டு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு தெரு முனை வரை போய்வருவார். அறுபத்து நாலு வயதில் வந்த ஞானோதயம் என்று மேனேஜரிடம் சொல்லி நக்கலடித்தேன்.

பத்தாம் நாள் மத்தியானம் நான் துணி மடிக்கும் அறையில் மேனேஜர் வாந்தி எடுத்தான். மஞ்சள் நீர்தான். வாத்தியார் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பழைய துண்டை எடுத்துச் சத்தமில்லாமல் துடைத்தேன். துண்டைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். சார்ட்டில் 'வாந்தி: இல்லை' என்று எழுதினேன்.

கை நடுங்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தச் சின்ன நர்ஸுக்குக் கூட எழுதும்போது நடுங்கியிருக்கும்.

மனசுக்கு ஒரு சமாதானம் இருந்தது. முப்பத்திரண்டு கிராம் சாப்பிடுகிற பூனை ஒரு தடவை கக்கினால் என்ன கெட்டுப்போகிறது? வயிறு நிறைந்திருக்கிறது, மருந்து காந்தாது. வாத்தியாரை எதில் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், கணக்கில் சொல்ல முடியாது. அவர் எழுதிய கிராமை நம்பித்தான் நான் தினமும் மருந்தை உறிஞ்சினேன். அதன் பிறகு மூன்று தடவை வாந்தி எடுத்தான். மூன்று தடவையும் துடைத்தேன். கடைசி இரண்டு நாள் மலத்தட்டில் கறுப்பாக, பிசுபிசுவென்று தார் மாதிரி கிடந்தது. அது என்னவென்று எந்த நர்ஸுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே ரத்தம் கசிகிறது. டப்பா உணவின் நிறமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'மலம்: சாதாரணம்' என்று எழுதினேன்.

மேனேஜர் மறுபடி நாற்காலியில் ஏறவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். தொட்டால் முதுகெலும்பு முள் முள்ளாகக் கையில் பட்டது.

பத்தொன்பதாம் நாள் சோதனைக்குக் கொண்டுபோனோம். வண்டியில் நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் கூடை. டாக்டரம்மா தராசில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். நாலு கிலோ இருந்தவன் மூன்று கிலோ.

சார்ட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"நிஜமாவே இவ்வளவு சாப்பிடறானா சார்?"

"நிறுத்து எழுதியிருக்கேன்" என்றார் வாத்தியார்.

"வாந்தி முதல்ல ஒரு தடவைதானேம்மா? அதுக்கப்புறம் இல்லையே?"

"சார்ட்ல இருக்கே" என்றேன்.

"மலம்?"

"அதுவும் இருக்கு."

அவள் என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் பூனையைப் பார்த்தோம். அவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் நானும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் இல்லாமல் நான் தனியாக அங்கே போயிருந்தால் சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவரும் தனியாகப் போயிருந்தால் சொல்லியிருப்பார். சேர்ந்து போனோம். அதுதான் மேனேஜரின் தலைவிதி.

"உங்களை மாதிரி இவ்வளவு ஒழுங்கா சார்ட் எழுதறவங்களை நான் பார்த்ததே இல்லை" என்றாள் அந்தப் பெண். "இது மட்டும் இல்லைன்னா மருந்தாலதான்னு நினைச்சு இப்பவே நிறுத்தியிருப்பேன். சாப்பிட்டும் எடை குறையுதுன்னா வேற ஏதோ இருக்கு. ரத்தம் எடுக்கறேன், நாளைக்குக் காலையில தெரிஞ்சிடும். அதுவரைக்கும் சாப்பிட்டா மட்டும் மருந்து கொடுங்க. இந்த எடைக்கு மூணாவது கோடு."

மறுநாள் காலை ஏழரைக்கு ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். 'முப்பத்திரண்டு கிராம்' என்று இருந்தது. மூன்றாவது கோடு வரை உறிஞ்சினேன். மேனேஜர் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினான். பதினான்கு வருடத்தில் அவன் என்னைக் கீறியதே இல்லை, அன்று கீறினான். முரண்டு பிடிக்கிற நோயாளிகளை எனக்குப் பழக்கம். தாடையைப் பிடித்து ஓரத்தில் சிரிஞ்சைச் செருகி அழுத்தினேன். நன்றாகவே இறங்கியது.

எட்டேகாலுக்குக் கூடத்தின் நடுவில் விழுந்தான். வாயிலிருந்து காப்பித் தூள் கலந்த மாதிரி பழுப்பு நீர் வழிந்தது. இந்தத் தடவை வாத்தியார் கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அதே நேரம் என் ஃபோன் அடித்தது. டாக்டரம்மாதான்.

"மருந்து கொடுத்துட்டீங்களாம்மா? கொடுக்காதீங்க, கிட்னி சுத்தமா போயிருக்கு. உடனே கூட்டிட்டு வாங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு தெரு முனைக்கு ஓடினோம். வண்டிக்குக் கையைக் காட்டும்போது, முனையில் படுத்திருந்த செவலை நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தது. என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக வாத்தியார் மேல் முன்னங்காலைப் போட்டு, சட்டைப் பைக்குள் மூக்கை விட்டது. அவர் தள்ளத் தள்ள விடவில்லை. பையிலிருந்து பேப்பர் பொட்டலம் ஒன்று விழுந்து பிரிந்தது. அன்றைக்குக் காலையில் மேனேஜருக்கு வைத்த டப்பாக் கறி, தொட்ட அடையாளம் இல்லாமல், முழுசாகக் கிடந்தது. நாய் இரண்டே வாயில் விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவரை நிமிர்ந்து பார்த்தது. பன்னிரண்டு நாள் சாப்பாட்டில் அதன் தோல் பளபளவென்று இருந்தது.

வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை. வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிளினிக் மேஜையில் மேனேஜர் கிடந்தான். டாக்டரம்மா ஈறைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைவெளேரென்று இருந்தது. பின்பக்கம் துடைத்த பஞ்சு கறுப்பாக வந்தது. அதை எங்கள் முன்னால் நீட்டினாள்.

"இது எத்தனை நாளா போகுது? யாராவது வாயைத் திறந்து சொல்லுங்க."

வாத்தியார் குனிந்து மேனேஜரின் காதருகே போனார்.  

"மேனேஜர்... நீ பன்னிரண்டு நாளா சரியா சாப்பிடலைன்னு டாக்டர்கிட்ட சொல்லு. சும்மா நக்கிட்டு விட்டுடுவேன்னு சொல்லு."

நான் அந்தப் பக்கத்துக் காதருகே குனிந்தேன். எங்கள் இரண்டு பேர் தலையும் கிட்டத்தட்ட முட்டியது.

"மேனேஜர், அந்த முதல் தடவைக்கப்புறம் நாலு தடவை வாந்தி எடுத்தேன்னு சொல்லு. கறுப்பா மூணு நாளா போகுதுன்னு சொல்லு."

டாக்டரம்மா கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டாள்.

"நேத்து இதே மேஜையில கேட்டேனே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். "நேத்து சொல்லியிருந்தா கூட டிரிப் போட்டுப் பார்த்திருப்பேன்."

இனி வைத்திருந்தால் அவனுக்கு வேதனை மட்டும்தான், வலிக்கு ஒன்றும் கொடுக்கவும் முடியாது என்று சொன்னாள். ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். ஊசி போடும்போது மேனேஜர் கண்ணைத் திறந்து முதலில் அவரையும் பிறகு என்னையும் பார்த்தான். வழக்கமாக ஒருவர் பேச்சைக் கேட்டுவிட்டு மற்றவர் பக்கம் அப்படித்தான் தலையைத் திருப்புவான். திருப்பிய தலை அப்படியே நின்றது. டாக்டரம்மா தன் வெள்ளைத் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தாள்.

"வீட்ல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்கு எங்களைத் திட்டக் கூடத் தெரியவில்லை.

கொல்லையில் வாத்தியார் குழி தோண்டினார். மண்ணைத் தள்ளியது நான். உள்ளே வந்து கை கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். தண்ணீர் வேண்டுமா என்று அவரைக் கேட்க வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்லிக் கேட்பது? அவரும் என் பக்கம் பார்ப்பார், தரையில் தேடுவார், நிறுத்திக்கொள்வார். 

பிறகு அவர் எழுந்துபோய் சார்ட்டை எடுத்து வந்தார். சிவப்புப் பேனாவைத் திறந்து, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் தன் கட்டங்களை அடித்துத் திருத்தினார். முப்பத்திரண்டுக்கு மேல் மூன்று. முப்பத்தைந்துக்கு மேல் பூஜ்யம். முப்பத்தொன்றுக்கு மேல் இரண்டு. நிஜக் கணக்கு ஒன்றுவிடாமல் அவருக்கு நினைவிருந்தது. முடித்துவிட்டுப் பேனாவை என் பக்கம் உருட்டினார். நான் என் கட்டங்களைத் திருத்தினேன். இப்போது தாளைப் பார்த்தால் குழந்தைக்குக் கூடப் புரியும். வெறும் வயிற்றில் பன்னிரண்டு நாள் மருந்து கொடுத்திருக்கிறோம். அவர் கட்டத்தை நம்பி நான். என் கட்டத்தை நம்பி அவர்.

"வாந்தி இல்லைன்னு நீ எழுதியிருந்தே" என்றார். ஆறு வருடம் கழித்து என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அதனாலதான் சாப்பிடாதது பெரிசில்லைன்னு நினைச்சேன்."

பதில் சொல்வதற்குள் மகளின் ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஊசி போட்டு அனுப்பிட்டோம்மா" என்றேன். அந்தப் பக்கம் அழுகை. நாங்கள் காத்திருந்தோம். அழுகை அடங்கி, குரல் கெட்டியானது.

"மூணு வாரம் முன்னாடி கிட்னி நல்லா இருக்குன்னாங்க. இந்த மருந்து ஆரம்பிச்சப்புறம்தானே போச்சு? அம்மா, நீ ஒரு நர்ஸ். நீ நேரந்தப்பாம, சாப்பிட்டதைப் பார்த்துட்டுத்தானே கொடுத்தே?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன்.

"அப்பா, நீங்கதானே சாப்பாடு? ஒழுங்கா சாப்பிட்டானா இல்லையா? உங்க ரெண்டு பேர் சண்டையில அவனைக் கவனிக்காம விட்டிருந்தீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் இனிமே அந்த வாசல்ல காலை வைக்க மாட்டேன்."

சிவப்பு மையில் நனைந்த தாள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நல்லா சாப்பிட்டான்மா" என்றார் வாத்தியார்.

"அம்மா?"

"டாக்டர் சொன்ன அளவுதான் கொடுத்தேன். ஒரு கோடு கூடக் குறையலை."

"அப்ப அந்த டாக்டர்தான் கொன்னுட்டாங்க. நான் சும்மா விட மாட்டேன், எழுத வேண்டிய இடத்துல எல்லாம் எழுதறேன். இனிமே ஒருத்தர் அந்த கிளினிக் பக்கம் போகக் கூடாது. அம்மா, அந்த சார்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

ஃபோன் நின்றது. சன்னலில் வெயில் சரிந்து மேஜை மேல் விழுந்திருந்தது. நான்தான் முதலில் பேசினேன்.

"ஏங்க, வெள்ளைத் தாள் இருக்கா?"

"அலமாரியில இருக்கு. ஸ்கேலும் எடுத்துட்டு வரேன்."

அவர் கோடு போட்டார். என் வார்டில் யாருக்கும் அவ்வளவு நேராகக் கோடு போட வராது. சொன்னேன். அவருக்குக் காது சிவந்தது. தேதிகளை நான் எழுதினேன். சாப்பாட்டுக் கட்டத்துக்கு வந்ததும் அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"பழையபடி முப்பத்திரண்டே போடவா?"

"எல்லாத்துலயும் வேண்டாம். ரெண்டு நாள் இருபத்தெட்டு, ஒரு நாள் இருபத்தாறு போடுங்க. அவ உங்க பொண்ணு, கூட்டிப் பார்ப்பா."

"சரிதான். வாந்தி எல்லா நாளுமே இல்லைன்னுதானே?"

"முதல்ல ஒண்ணு இருக்கட்டும். அது பக்கத்துல 'டாக்டருக்கு ஃபோன் செய்தது, தொடரச் சொன்னார்' அப்படின்னு நான் எழுதறேன். சுத்தமா ஒண்ணுமே இல்லைன்னா நம்ப மாட்டா."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எப்பேர்ப்பட்ட மூளை என்று பாராட்டுகிற பார்வை. கல்யாணமான புதிதில் பார்த்தது. "நல்லா யோசிக்கிறே" என்றார்.

மூன்று வேறு பேனா மாற்றி எழுதினோம். அப்போதுதான் வேறு வேறு நாளில் எழுதியது மாதிரி இருக்கும், அது அவர் யோசனை. ஒரு மூலையில் டீக் கறை வைத்தேன், அது என் யோசனை. அதைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிவப்பு மைத் தாளை அடுப்பில் காட்டிச் சாம்பலைக் கழுவும் தொட்டியில் கரைத்தேன். படம் எடுத்து அனுப்பியதும் மகளிடமிருந்து உடனே பதில் வந்தது. 'இது போதும். உங்க ரெண்டு பேர் மேல எந்தத் தப்பும் இல்லை. அடுத்த மாசம் வரேன்.' அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"டீ போடட்டுமா?" என்றேன்.

"போடேன். சர்க்கரை கொஞ்சம் கம்மியா."

"தெரியும்."

எழுந்திருக்கும்போது மேஜை மேல் ஃபோன் அடித்தது. டாக்டரம்மாவின் சொந்த நம்பர். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்கத்தான் இருக்கும், வேறெதற்கும் இருக்காது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஃபோன் அடித்து ஓயும் வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அதில் எங்களுக்கு ஆறு வருடப் பழக்கம் இருந்தது.